செல்லத்துரைக்கு இரண்டு பல்புகள்

மதியம் ஒரு மணிக்குக் கார் வாசலைத் தாண்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டது.

2096இல் நாசரேத்தில் இது அதிசயமே அல்ல. அந்த வாரத்தில் மட்டும் அதே தெருவில் ஒரு கார், கழுவி விடாமல் கல்யாண வீட்டுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்திருந்தது. இன்னொன்று, பக்கத்து வீட்டுக்குப் புதுக் கார் வந்ததிலிருந்து முன்வாசலில் நிற்கக் கூச்சப்பட்டுக் கொல்லைப்புறத்திலேயே மூன்று நாளாகப் பதுங்கிக் கிடந்தது. மனிதர்கள் முதலில் திட்டுவார்கள், பிறகு கெஞ்சுவார்கள், கடைசியில் கார் கேட்டதைச் செய்து கொடுப்பார்கள்.

காரின் சொந்தக்காரர் தவசிக்கனி திட்டுவதில் ஆரம்பித்தார்.

"ஏல செல்லத்துரை, இன்னைக்கு ஒன் வெளாட்டெல்லாம் வேண்டாம். ஆறரைக்கு அங்க கதவ மூடிருவான். மரியாதையா கெளம்பு."

செல்லத்துரை என்பது காரின் பெயர். எல்லாக் கார்களையும் போல அதுவும் பேசும். அந்த வட்டாரத்துக் கார் என்பதால் வீட்டுக்காரரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும்.

"அண்ணாச்சி, நீங்க கெணத்துல குதின்னா குதிப்பேன். ஆனா ரெண்டு பல்பும் போன மூஞ்சிய வச்சுக்கிட்டு உடன்குடி ரோட்டுல வரமாட்டேன். எதுக்க வாரவன் என்னைய என்னன்னு நெனைப்பான்?"

இங்கே கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும். கார்களுக்குப் பார்ப்பதற்கு வெளிச்சம் தேவைப்பட்ட காலம் முடிந்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது. அவை கதிரலைகளால் பார்த்தன. அமாவாசை இருட்டிலும் இருநூறு மீட்டர் தள்ளி ஊர்ந்துபோகும் மரவட்டையின் கால்களை எண்ணிச் சொல்லிவிடும். ஒன்றோடொன்று அலைமொழியில் பேசி, யார் முதலில் போவது என்பதைக் கண்ணிமைக்கிற நேரத்தில் தீர்த்துக்கொண்டன. தெருவிளக்குகளைக்கூட அரசாங்கம் பிடுங்கிப் போட்டாயிற்று. அப்படியிருக்க முகப்பு விளக்கு மட்டும் எதற்கு என்று ஒரு கம்பெனி யோசித்து, விளக்கே இல்லாத கார் ஒன்றைச் செய்து பார்த்தது. ஒன்றுகூட விற்கவில்லை.

காரணம் கார்களின் ஓட்டறிவில் இருந்தது. ஓட்டறிவு என்பது வண்டி ஓட்டுவதற்கென்று காருக்குள் வைக்கப்பட்ட மூளை. அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்க, நம் சாலைகளில் மனிதர்கள் வண்டி ஓட்டிய அறுபது வருஷப் படப்பதிவுகளை அப்படியே போட்டுக் காட்டினார்கள். அது பிரேக் போடக் கற்றுக்கொண்டது, மாட்டுக்கு ஒதுங்கக் கற்றுக்கொண்டது, கூடவே மற்றதையும் கற்றுக்கொண்டது. விளக்கை இரண்டு தடவை விட்டு விட்டு அடித்தால் வேறு தேசங்களில் 'நீங்கள் போங்கள்' என்று அர்த்தமாம். நம் பதிவுகளில் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது: நான் வருகிறேன், ஒதுங்கு. விளக்கில்லாத வண்டியை லாரி பள்ளத்தில் இறக்கியது, டவுன் பஸ் ஓரம் கட்டியது, டிராக்டர்கூட மதிக்கவில்லை. இதையெல்லாம் பல லட்சம் மணி நேரம் பார்த்த மூளைக்கு, விளக்கு என்பது மானம் சம்பந்தப்பட்ட விஷயமாகிவிட்டது.

அந்த மானத்தைக் காப்பாற்ற அவை அடித்த அடியில் எந்த விளக்கும் தாங்கவில்லை. நாற்பது வருஷம் உழைக்கும் என்று முத்திரை குத்திய குளிரொளிப் பட்டைகள் எட்டே மாதத்தில் செத்தன. அலுத்துப்போன கம்பெனிகள், கழற்றி மாட்டுகிற பழைய பல்புக்கே திரும்பியிருந்தன.

தவசிக்கனி கம்பெனிக்குப் பேசினார். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதித்திருந்த செவிச்சில்லில் ஒரு பெண்குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று இருபது நிமிஷம் சொன்னது. பிறகு, பதினோரு நாள் கழித்து வரச் சொன்னது.

"பதினோரு நாள் கழிச்சு எம்மவ பாதி வானத்துல இருப்பா, தாயி!" என்று கத்தினார்.

மகள் ஹெப்சிபா அன்று மாலை ஏழரைக்குச் செவ்வாய்க் கிரகத்துக்குப் புறப்படுகிறாள். மண்ணாய்வாளர். ஒன்பது வருஷ ஒப்பந்தம். மணப்பாட்டுக்குத் தெற்கே கடற்கரை ஏவுதளத்தில், நாலு மணியிலிருந்து ஆறரை வரை பயணிகளைக் குடும்பத்தார் பார்க்கலாம், அதுவும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று. அனுமதிச் சீட்டு செல்லத்துரையின் எண்ணில் பதிவாகியிருந்தது. ஏவும் நாளில் வேறு வண்டி எதையும் உள்ளே விடமாட்டார்கள்.

பார்த்தே தீர வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. தவசிக்கனி, பள்ளிக்கூடங்களில் எந்திர ஆசிரியர்களை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷ வேலையில் ஒரு தடவைகூட 'நான் சொன்னது தப்பு' என்று சொன்னதில்லை என்பதை யார் வந்தாலும் பெருமையாகச் சொல்வார். மூன்று மாதத்துக்கு முன்னால் ஹெப்சி செவ்வாய்க்குப் போகிற செய்தியைச் சொன்னபோது, "போனா போ. திரும்பி வந்து எம் மூஞ்சில முழிக்காத" என்று சொல்லிவிட்டார். அவளும் அவர் மகள்தானே, மறு பேச்சுப் பேசாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு பயிற்சிக்குப் போய்விட்டாள். அதன்பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. மனைவி ஜெயசீலிதான், அவள் சாப்பிட்டாளா, இவர் மாத்திரை போட்டாரா என்று நடுவில் நின்று தகவல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் யாரும் சொல்லாமலே அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, "நான் சொன்னது தப்பு மக்கா, நல்லபடியா போய்ட்டு வா" என்று சொல்லிவிடுவது. குளியலறைக் கண்ணாடியில் ஒத்திகைகூடப் பார்த்தார். முதல் மூன்று தடவையும், "நீயும் கொஞ்சம் யோசிச்சிருக்கணும்" என்றுதான் வாயில் வந்தது. நாலாவது தடவை சரியாக வந்தது. சரியாக வந்ததும் அவருக்கே கண் கலங்கிவிட்டது.

இந்த நிலையில்தான் கார் மானப்பிரச்சினையைக் கிளப்பியிருந்தது.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன்," என்றது செல்லத்துரை. "நீங்களே மாட்டிரலாம். கையால."

மனிதர்கள் கையால் எதையும் கழற்றி மாட்டி வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனாலும் பஜாரில் லிங்கதுரை கடையில் பல்பு கிடைத்தது. லிங்கதுரை இரண்டு ரகத்தை மேசையில் வைத்தான்.

"இது அரசாங்க அளவு அண்ணாச்சி. பாந்தமா எரியும், யாருக்கும் தொந்தரவு கெடையாது." பிறகு குரலைத் தாழ்த்தினான். "இது கண்கொத்தி. சட்டப்படி விக்கக் கூடாது. இத மாட்டுனா, எதுக்க வாரவன் தன் பேரயே மறந்துருவான்."

வெளியே நின்ற செல்லத்துரைக்கு இது எப்படிக் கேட்டதோ, ஆசையாக ஒரு ஹாரன் கொடுத்தது. கடை ஒரே தெரு தள்ளித்தான் என்பதால், பின்பக்கமாகவே ஊர்ந்து மூஞ்சியை யாருக்கும் காட்டாமல் வந்திருந்தது.

அரசாங்க அளவை வாங்கத்தான் தவசிக்கனி கையை நீட்டினார். "இதக் கொண்டுபோற காரெல்லாம் அப்பாவிக் காரு அண்ணாச்சி, எல்லாருக்கும் வழி விட்டுட்டு நிக்கும்" என்று லிங்கதுரை சாதாரணமாகத்தான் சொன்னான். கை தானாகத் திசை மாறிக் கண்கொத்தியை எடுத்தது.

வீட்டுக்கு வந்து முன்மூடியைத் திறந்து பார்த்ததும் அவருக்குத் தலை சுற்றியது. மனிதன் செவ்வாயில் தக்காளி விளைவிக்கக் கற்றுக்கொண்டு விட்டான். ஆனால் பல்பு மாட்டுகிற இடத்தில் கை நுழைகிற மாதிரி ஒரு கார் செய்ய இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. விளக்குக்குப் பின்னால் எலி நுழைகிற இடம் இருந்தது. அந்த எலியும் மெலிந்த எலியாக இருக்க வேண்டும்.

செய்முறைப் படம் ஒன்றைச் சுவரில் ஓடவிட்டார். அதில் வந்த உருவத்துக்கு மனித முகம்தான், பேச்சு மட்டும் எந்திரம். வணக்கம் சொல்லி, போன வாரம் போட்ட படத்துக்கு வந்த வரவேற்பைச் சொல்லி, மணிப் பொத்தானை அழுத்தச் சொல்லி, பத்து நிமிஷம் ஆன பிறகு, "இது மிகவும் எளிது" என்றது. அடுத்த காட்சியில் பல்பு மாட்டி முடிந்திருந்தது.

"நடுவுல உள்ளத எங்க காட்டுனான்?" என்றார் தவசிக்கனி.

"அதான் எளிதுன்னு சொல்லிட்டான்லா," என்றாள் ஜெயசீலி. அவள் மகளுக்குக் காட்டுவதற்காக முதலூர் மஸ்கோத் அல்வா ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தாள். கொடுக்க முடியாது, கண்ணாடிக்கு இப்பால் வைத்துக் காட்டத்தான் முடியும். அதற்கே புதுச்சேலை உடுத்தியிருந்தாள்.

கடைசியில் செல்லத்துரையே சொல்லச் சொல்ல வேலை நடந்தது. விளக்குக்கென்று தனியாக உள்ள பாட்டரியைக் கழற்று. தண்ணீர்க் குடுவையைக் கழற்று. சக்கரத்தை முழுக்க ஒடித்துத் திருப்பி, உள்பக்கத் தகட்டைக் கழற்று. ரப்பர் மூடியை இழு. இப்போது உள்ளே ஒரு கம்பிக் கொக்கி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, தடவித்தான் பார்க்க வேண்டும். அதை அமுக்கி, இடப்பக்கம் தள்ளி, பழைய பல்பை எடு.

தவசிக்கனி மண்ணில் மல்லாக்கப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டார். விரல் முட்டியில் தோல் உரிந்தது. கொக்கி ஒரு தடவை கைநழுவிப் பம்பருக்குள் விழுந்து, அதைத் தேடுவதில் முக்கால் மணி நேரம் போயிற்று. 'கிச்சுகிச்சு மூட்டாதிய அண்ணாச்சி' என்று செல்லத்துரை நெளிந்ததில் இன்னொரு முறை விழுந்தது.

"கண்ணாடியில வெரல் படக் கூடாது," என்று கார் எச்சரித்தது. "வெரல்ல உள்ள எண்ணெ பட்டா, சூட்டுல வெடிச்சுரும்."

ஜெயசீலி தன் கைக்குட்டையால் பல்பைப் பிடித்துப் பிள்ளையைக் கொடுப்பதுபோலக் கொடுத்தாள். தவசிக்கனி மூன்று கொம்பையும் மூன்று பள்ளத்தில் பொருத்தி, கொக்கியை அழுத்தினார். 'டிக்' என்று ஒரு சத்தம். தன் கையால் ஒரு காரியம் முடிந்த சந்தோஷம் அவருக்கு முதன்முதலாக அன்றுதான் கிடைத்தது. இரண்டாவது பல்பு பத்தே நிமிஷம்.

"போடு பாப்போம்."

செல்லத்துரை போட்டது. எதிர்வீட்டுச் சுவர் வெள்ளையாகிக் காணாமலே போயிற்று. அந்த வீட்டு மாடியிலிருந்து யாரோ, "எந்தச் சவத்துப்பயல அது!" என்று அலறினார்கள்.

"அண்ணாச்சி," என்றது செல்லத்துரை. குரல் தழுதழுத்தது. "இந்த நன்றிய மறக்கமாட்டேன்."

மணி ஐந்து ஆகிவிட்டது. குளிக்கக்கூட நேரமில்லாமல், கை நிறையக் கரியோடு தவசிக்கனி ஏறி உட்கார்ந்தார். மெஞ்ஞானபுரம் தாண்டி உடன்குடி வரை செல்லத்துரை பறந்தது. வழியில் பதினேழு கார்களை ஒதுங்க வைத்தது. ஒவ்வொன்று ஒதுங்கும்போதும் தவசிக்கனி தன்னையறியாமல் மீசையைத் தடவிக்கொண்டார்.

உடன்குடியைத் தாண்டியதும் அலைத்தடை வட்டம் ஆரம்பமாகியது. ஏவும் நாளில் அந்த வட்டத்துக்குள் எந்தச் செய்தியும் காற்றில் போகக் கூடாது. இரண்டு பேருடைய செவிச்சில்லும் அணைந்தது. செல்லத்துரையின் அலைமொழியும் அடங்கியது.

"இனிமே யார்ட்டயும் பேச முடியாது அண்ணாச்சி," என்றது. "வெளிச்சம் ஒண்ணுதான் பேச்சு. நல்லவேள மாத்துனோம்."

ஐந்து ஐம்பதுக்குக் கருமேனியாற்றுப் பாலம் வந்தது. மார்கழி மேகம் கவிழ்ந்து அதற்குள்ளாகவே இருட்டிவிட்டது. ஒரு வண்டி மட்டும் போகிற ஒற்றைப் பாலம். அதைத் தாண்டினால் ஒன்பது நிமிஷத்தில் ஏவுதளம். செல்லத்துரை பாலத்தில் ஏறிய அதே நேரத்தில் அக்கரையிலிருந்து இன்னொரு கார் ஏறியது.

செல்லத்துரை விளக்கை இரண்டு தடவை அடித்தது. எதிரே வந்ததும் இரண்டு தடவை அடித்தது. அதுவும் லேசுப்பட்ட வெளிச்சம் அல்ல. இரண்டும் நடுப்பாலத்தில் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன.

"அண்ணாச்சி, மொதல்ல ஏறுனது நாமதான்," என்றது செல்லத்துரை. "ஒரு சாண் முந்தி."

"தெரியும்ல. நானும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"பின்னால போவமா?" என்றாள் ஜெயசீலி. "இருபதடி போனா எடம் இருக்கு. அந்த வண்டி போய்ட்டா நாம போயிரலாம்."

"அவன் பின்னால போகட்டுமே. அவனுக்கும் இருபதடிதானே?"

"அவங்களுக்கு என்ன அவசரமோ?"

"ஏவுதளத்துலேருந்து வெளிய வாரவனுக்கு என்னளா அவசரம்? வேலய முடிச்சு வீட்டுக்குப் போய்க் கால நீட்டப் போறான். அவசரம் நமக்குல்லா!"

இந்த நியாயம் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. செல்லத்துரையும் அதை ஆமோதித்து நாலு தடவை அடித்தது. எதிரே இருந்தது ஆறு தடவை அடித்தது. பாலம் முழுக்க வெள்ளையும் இருட்டும் மாறி மாறி வந்தன. ஆற்றில் தூங்கிக்கொண்டிருந்த நாரைகள் விடிந்துவிட்டதென்று எழுந்து பறந்து, இல்லையென்று தெரிந்து திரும்ப உட்கார்ந்து, மறுபடியும் எழுந்தன.

பத்து நிமிஷம் ஆயிற்று.

"நான் எறங்கிப் போய் ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன்," என்று ஜெயசீலி கதவில் கைவைத்தாள். "மவளப் பாக்கப் போறோம்னு சொன்னா விடாமயா இருப்பாங்க?"

"எறங்காத!" தவசிக்கனி அவள் கையைப் பிடித்தார். "நீ எறங்குனா நாம எறங்குன மாதிரி. அவன் எறங்கட்டும்."

எதிரே இருந்தவரும் இறங்கவில்லை. யார் என்று பார்க்கவும் முடியவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாலும் இரண்டு வெள்ளை வட்டங்கள் மட்டும்தான் தெரிந்தன. தவசிக்கனி சன்னலைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லித் திட்டினார். இரண்டு ஹாரன் சத்தத்தில் அது அவருக்கே கேட்கவில்லை.

தவசிக்கனி நிமிஷத்துக்கு ஒரு தடவை மணியைப் பார்த்தார். ஹெப்சி கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பாள். மற்றவர்களுக்கெல்லாம் ஆள் வந்திருக்கும். அப்பா வேண்டுமென்றே வரவில்லை என்று நினைப்பாள். பின்னால் போய்விடலாம் என்று நிஜமாகவே வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து எதிரே இருந்தது ஒரு அடி முன்னால் வந்து, முகத்துக்கு நேரே வெளிச்சத்தை ஏற்றியது.

"பாத்தியளா அண்ணாச்சி!" என்றது செல்லத்துரை.

"பாத்தேன். நீயும் ஒரு அடி போ."

சரியாக ஆறு இருபதுக்கு எதிரே இருந்த வெளிச்சம் தணிந்தது. அந்தக் கார் மெல்லப் பின்னால் நகர்ந்தது. பாலத்தை விட்டு இறங்கி, வட்டமடித்துத் திரும்பி, வந்த வழியே வேகமாகப் போய் மறைந்தது. சிவப்பு வாலொளி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

"போயிட்டான்!" தவசிக்கனி தொடையில் தட்டினார். "பாத்தியாளா? வந்த வழியே ஓடிட்டான்! ஏல செல்லத்துரை, சிங்கம்ல நீ!"

"எல்லாம் நீங்க மாட்டுன பல்பு அண்ணாச்சி."

"சரி சரி, வெரசா போ."

செல்லத்துரை போயிற்று. ஆனால் பாலத்தின் மிச்சத்தை அது மெதுவாகத்தான் கடந்தது. ஜெயித்த வண்டி ஓடக் கூடாது என்பதும் அந்த அறுபது வருஷப் பதிவில் இருந்தது. தவசிக்கனியும் மீசையைத் தடவிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இதில் ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ போயிருக்கும்.

பார்வையாளர் கூடத்துக் கதவு அவர்கள் கண்ணெதிரேதான் மூடியது. மணி ஆறு முப்பத்தொன்று. கதவுக்கு வெளியே காவல் நின்ற எந்திரம், வருந்துகிறேன் என்றது. தவசிக்கனி அதைக் கெஞ்சினார். முப்பது வருஷம் எந்திரங்களை அதட்டியவர், அதன் இரும்புக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நிமிஷம்யா, ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருதேன்" என்றார். எந்திரம் மறுபடியும் வருந்துகிறேன் என்றது.

வேறு என்ன செய்வது? இரண்டு பேரும் சவுக்குத்தோப்புப் பக்கம் மணல்மேட்டில், மற்ற குடும்பங்களோடு போய் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகள் கண்ணாடிக்குப் பின்னால் என்ன சொன்னார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெயசீலி அல்வா டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். ஏழரைக்குத் தரை அதிர்ந்தது. ராக்கெட் மேகத்தைத் துளைத்துப் போனது. சத்தம் ஓயும்வரை தவசிக்கனி அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்ல வந்த வார்த்தை வாய்க்குள்ளேயே கிடந்தது.

எட்டு மணிக்கு அலைத்தடை நீங்கியது. செவிச்சில்லுகள் விழித்துக்கொண்டன. ஹெப்சியின் குரல் ஒரே நேரத்தில் இரண்டு பேர் காதிலும் ஒலித்தது. புறப்படுவதற்கு முன்னால் பதிந்து வைத்த செய்தி.

"யப்பா, அம்மா, நான்தான். இத நீங்க கேக்கும்போது நான் மேல போயிருப்பேன். போன ஒடனே எங்கள நெடுந்துயில்ல படுக்க வச்சிருவாங்க, ஏழு மாசம் கழிச்சு அங்க போய்த்தான் முழிப்பேன். அதனால இப்பமே சொல்லிருதேன். யப்பா, நீங்க அன்னைக்குச் சொன்னதுக்கு நான் பதில் பேசாம வந்தது தப்பு. நானாவது எறங்கி வந்திருக்கணும். மூணு மாசமா தெனமும் நெனைப்பேன், பேசணும்னு, ஆனா நீங்க மொதல்ல பேசட்டும்னு விட்டுட்டேன்."

தவசிக்கனி மணலில் கையை ஊன்றிக்கொண்டார்.

"அஞ்சரை வரைக்கும் பாத்தேன், நீங்க வரல. செல்லத்துரை எங்கயாவது மொகத்தத் தூக்கிக்கிட்டு நிக்கும்னு தெரியும். இங்க எங்க மேலதிகாரி மேடம்ட்ட அழுது கேட்டு, கிருமி உள்ள போகாம அடச்சு மூடுன கண்ணாடி வண்டி ஒண்ணு வாங்கி, நானே உங்களப் பாக்கக் கெளம்பிட்டேன்ப்பா. வழியில எங்கன பாத்தாலும் நிறுத்தி, கண்ணாடி வழியா மூஞ்சியப் பாத்து மன்னிப்புக் கேட்டிரலாம்னு. ஆனா கருமேனியாத்துப் பாலத்துல ஒரு எடுபட்ட பய..."

ஜெயசீலி மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

"...எதுக்க நின்னுக்கிட்டு லைட்ட அடிக்கான் அடிக்கான், கண்ணே அவிஞ்சு போச்சு. அர மணி நேரம்! ஆளு யாருன்னே தெரியல. கதவத் தொறந்து எறங்கவும் எனக்கு அனுமதி கெடையாது. என் வண்டி, பின்னால போயிரவான்னுதான் மொதல்ல கேட்டுச்சு. நான்தான், நீ எதுக்குப் போகணும், அவன் போகட்டும், நல்லா அடின்னு சொன்னேன். உங்க மவல்லா! கடைசியில எனக்கு நேரம் முடிஞ்சு போச்சு, திரும்பிட்டேன். உள்ள வந்து உக்காந்து ஒண்ணுதான் நெனச்சேன்ப்பா. அந்த எடத்துல மட்டும் நீங்க இருந்திருக்கணும். அந்தப் பயல சும்மா விட்டிருப்பீங்களா?"

கடைசி வார்த்தையில் அவள் சிரித்துவிட்டு, மூக்கை உறிஞ்சினாள். செய்தி முடிந்தது.

ஜெயசீலி எழுந்து, சேலையில் மணலைத் தட்டிவிட்டு, காரின் பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள். அவள் பின்சீட்டில் உட்கார்ந்து தவசிக்கனி பார்த்ததே இல்லை. வெகுநேரம் கழித்து அவரும் வந்து முன்னால் ஏறினார். அந்தச் செய்தி செல்லத்துரைக்குக் கேட்டிருக்காது. அதனால் அது உற்சாகமாகவே இருந்தது.

திரும்பும் வழியில் அதே பாலம். எதிர்க்கரையில் ஒரு கார் வெளிச்சம் தெரிந்தது. இரவு முறை வேலைக்கு வருகிறவர்களாக இருக்கும்.

"அடிக்கட்டுமா அண்ணாச்சி?"

"வேண்டாம்." அவர் குரல் கரகரத்தது. "வெளிச்சத்தத் தாழ்த்து. ஓரமா நில்லு. அவங்க போகட்டும்."

"என்னது?"

"விட்டுக் குடுல. ஒரு தடவையாவது விட்டுக் குடு."

செல்லத்துரை ஓட்டறிவு பிறந்த நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தது. விளக்கைத் தாழ்த்திக்கொண்டு மண்ணில் இறங்கி நின்றது. எதிரே வந்த கார் பாலத்தைக் கடந்தது. நன்றி சொல்லும் என்று தவசிக்கனி எதிர்பார்த்தார். அது பக்கத்தில் வரும்போது ஏளனமாக ஒரு ஹாரன் அடித்துவிட்டு, உள்ளே இருந்த ஆள் சிரிப்பது தெரியும்படி மெதுவாகப் போயிற்று. அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு கார் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. ஒதுங்கி நிற்கிற ஒருவன் இருக்கிறான் என்று எப்படித்தான் தெரிந்ததோ, அக்கரையில் வெளிச்சம் வரிசை கட்டியது.

மூன்றாவது கார் போனபோது தவசிக்கனியின் காது மடல் சூடாயிற்று. ஐந்தாவது போனபோது மீசை துடித்தது. ஏழாவது, பாலத்தில் ஏறுவதற்கு முன்பே, ஒதுங்கி நிற்கிற வண்டியைப் பார்த்தும் வேண்டுமென்றே இரண்டு தடவை விளக்கை அடித்தது.

"ஏல," என்றார் தவசிக்கனி. "ஏறு பாலத்துல. அடி."

"அப்படிச் சொல்லுங்க அண்ணாச்சி!" செல்லத்துரை முழு வெளிச்சத்தோடு பாய்ந்து ஏறியது. நடுப்பாலத்தில் இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. நாரைகள் எழுந்தன.

பின்சீட்டிலிருந்து ஜெயசீலி, அவ்வளவு நேரத்துக்குப் பிறகு முதன்முதலாக வாயைத் திறந்தாள்.

"அந்த வண்டியில யாரு மவ இருக்காளோ."

தவசிக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணீர் நிற்கவில்லை. துடைத்த கையையே கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, எதிரே இருந்த வெள்ளை வட்டங்களைப் பார்த்தார்.

"யாரு மவளா இருந்தா என்ன? மொதல்ல ஏறுனது நாமல்லா?"